உழைத்த சொத்தும் எழுதிய உயிலும்



கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூர் செல்லும் சாலையில் உள்ளது காப்பார். ஒரு காலத்தில் அவ்வட்டாரம் முழுதும் ரப்பர்த் தோட்டங்கள். அங்கே பால் வெட்டிய நம் பாட்டன்மார் இறந்தபோது பிள்ளைகளுக்கு எதை விட்டுச் சென்றார்கள்? குடியிருந்த லயம் தோட்டத்துக்குச் சொந்தம். மிஞ்சியவை தகரப் பெட்டியில் கொஞ்சம் ரொக்கம், பாட்டியின் கழுத்து நகை, தொழுவத்தில் இரண்டு மாடு. இவற்றைப் பங்கிட ஊர்ப் பெரியவர் நால்வர் போதும். உயில் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்நிலை மெல்ல மாறியது. 1951ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதி தோன்றியது. தொழிலாளியின் பெயரில் மாதந்தோறும் பணம் சேரத் தொடங்கியது. சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் வெளிநாட்டுக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினார்கள். வேலையும் வீடும் இழந்து நம்மவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அந்த ஆபத்தைத் தடுக்கவே 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டினார். கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. கூலி வாங்கியவன் பங்குதாரன் ஆனான். பின்னாளில் பலர் சொந்த வீடும் வாங்கினார்கள்.

இங்கேதான் நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டியில் இருந்த சொத்தைக் கையால் எடுத்துக் கொடுக்கலாம். ஏட்டில் இருக்கும் சொத்தை எழுத்தால்தான் கொடுக்க முடியும். சொத்து மாறிவிட்டது, நம் பழக்கம் மாறவில்லை. "வீடு சின்னவளுக்கு" என்று அப்பா வாயால் சொல்லிவிட்டுப் போனதைச் சட்டம் ஏற்பதில்லை.

உயில் எழுதுவது கடினமன்று. 1959ஆம் ஆண்டின் உயில் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பியவர் தம் விருப்பத்தை எழுதி, இரு சாட்சிகள் ஒருங்கே இருக்கும்போது கையொப்பமிட வேண்டும். அவர் முன்னிலையில் சாட்சிகளும் கையொப்பமிட வேண்டும். சாட்சிக்கோ, சாட்சியின் கணவன் மனைவிக்கோ அவ்வுயிலால் சொத்துக் கிடைக்காது. ஆகவே மகனையும் மருமகளையும் சாட்சியாக நிறுத்தாதீர்கள். திருமணத்துக்கு முன் எழுதிய உயில், திருமணம் ஆனதும் பெரும்பாலும் செல்லாமல் போகும்.

சேமநிதியின் கதை வேறு. அங்கே வாரிசு நியமனம் தனியே செய்ய வேண்டும். உயில் அதை மாற்றாது. பிரம்மச்சாரியாக இருந்தபோது அண்ணன் பெயரைக் கொடுத்த ஒருவர், மணமான பின்பும் மாற்றவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் இறந்தால் பணம் அண்ணனுக்கே. மனைவி கைம்பிசைந்து நிற்க வேண்டியதுதான்.

உயில் இல்லாவிட்டால் என்ன? தீபகற்பத்தில் முஸ்லிம் அல்லாதார்க்கு 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் உண்டு. 1997இல் திருத்தப்பட்ட அச்சட்டப்படி மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரை, இறந்தவரின் பெற்றோர்க்குக் கால். பெற்றோர் இல்லையேல் மனைவிக்கு மூன்றில் ஒன்று. ஆனால் மனைவி என்பதற்குச் சான்று வேண்டுமே! 1982 மார்ச் முதல் தேதிக்குப் பின் நடந்த திருமணம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். கோயிலில் தாலி கட்டியது மட்டும் போதாது. முப்பது ஆண்டு உடன் உழைத்தவளும் இதனால் இடர்ப்பட நேரும்.

"மகனுக்குப் பவர் ஆப் அட்டர்னி கொடுத்துவிட்டேன், உயில் எதற்கு?" என்பார் சிலர். அந்த அதிகாரப் பத்திரம், நீங்கள் உயிரோடிருக்கையில் உங்களுக்காகக் கையொப்பமிட மகனுக்கு உரிமை தருவது. பொதுவாக உங்கள் மூச்சு நின்றால் அதுவும் நின்றுவிடும். சொத்தை வழங்கும் பத்திரமன்று அது. அதோடு, படிக்காமல் கைநாட்டு வைத்து அதைக் கொடுப்பதும் ஆபத்து.

நேயர்களே, உயில் எழுதினால் சாவு வந்துவிடும் என்று அஞ்சுவோர் இன்னும் உண்டு. எழுதாவிட்டாலும் அது வரத்தான் செய்யும். எழுதினால், பிள்ளைகளுக்குள் சண்டை வராமல் காக்கலாம். இன்றிரவே சேமநிதி, பங்கு, வீடு ஆகியவற்றின் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். யார் பெயர் எழுதியிருக்கிறது என்று மனைவி மக்களோடு கூடிப் பேசுங்கள். பாட்டன் விட்டுச் சென்றது உழைப்பு. அதன் பலன் பேரன் கைக்குச் சேர, ஒரு தாளும் இரு சாட்சியும் வேண்டும்.