எட்டு விநாடியும் ஒரு லட்ச ரூபாய் சக்கரமும்

1989 ஜூலை 23. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தோட கடைசி நாள். மூணு வாரம் ஊர் ஊரா மிதிச்சு முடிச்சுட்டு, கடைசியா வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கி.மீ. ஒவ்வொருத்தரும் தனித்தனியா ஓட்டணும். பிரான்ஸ்காரர் லொரான் ஃபின்யோன் 50 விநாடி முன்னிலையில இருந்தார். துரத்தினவர் அமெரிக்காவோட கிரெக் லெமாண்ட். முடிவுல லெமாண்ட் 8 விநாடி வித்தியாசத்துல கோப்பையைத் தட்டிட்டார்.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, கம்பியே தெரியாத தட்டுச் சக்கரத்தை முன்னாடி பின்னாடி ரெண்டுலயும் போட்டிருந்தவர் தோத்துப்போன ஃபின்யோன்! லெமாண்டுக்கு பின்னாடி மட்டும்தான் தட்டு. ஆனா அவர் ஹேண்டில்பார்ல முன்பக்கம் நீளற குழாய் மாட்டி, கையைக் குறுக்கி, நல்லா குனிஞ்சு ஓட்டினார். காத்து வழுக்கிட்டுப் போற ஹெல்மெட் வேற. ஃபின்யோன் குதிரைவால் முடியோட வெறுந்தலையா வந்தார். உட்கார முடியாத புண் வேற அவருக்கு, பாவம்.

இந்தப் பழங்கதை இப்ப எதுக்குன்னு கேக்கறீங்களா? ஓசூர்ல பொட்டி தட்டுற கூட்டத்துக்கு இப்ப சைக்கிள் ஜுரம். ஆபீஸ் நண்பன் ஒருத்தனுக்கு கார்பன் சக்கரத்து மேல கண்ணு. ஜோடி ஒரு லட்சத்துக்கு மேல. வீட்டுக்கடன் தவணை பாதி சம்பளத்தை முழுங்குது. "வாங்கலாமா மச்சி?"ன்னு கேட்டான்.

முதல்ல சக்கரத்துக்கு நியாயம் பேசிடுவோம். வண்டி 30 கி.மீ. வேகத்துல போனா, சக்கரத்தோட உச்சி 60 கி.மீ. வேகத்துல முன்னாடி போகுது. ஒவ்வொரு போக்ஸ் கம்பியும் அங்க காத்தைக் கிழிக்குது. உயரமான ரிம், குறைவான கம்பி எல்லாம் இதைக் குறைக்கத்தான். வேகம் ரெண்டு மடங்கானா காத்தை ஜெயிக்கத் தேவையான சக்தி எட்டு மடங்கு. அதனால 40ல போறவருக்கு இது நிஜமான லாபம். 20ல போறவருக்கு? சில்லறை.

மீதி காத்தெல்லாம் யார் மேல மோதுது? நம்ம மேலதான். மொத்தக் காத்துத் தடையில ஏறக்குறைய முக்கால் பங்கு ஓட்டறவரோட உடம்பு. இதுக்கு சாட்சி கிறிஸ் போர்ட்மேன். ஒரு மணி நேரத்துல எவ்வளவு தூரம் போகலாம்ங்கற சாதனையில, 1996ல கையை சூப்பர்மேன் மாதிரி நீட்டி, நவீன சைக்கிள்ல 56.375 கி.மீ. ஓட்டினார். அப்புறம் விதி மாறுச்சு. 1972ல எடி மெர்க்ஸ் ஓட்டின மாதிரி பழைய பாணி சைக்கிள், கம்பிச் சக்கரம்னு சொல்லிட்டாங்க. 2000ல அதே போர்ட்மேன் ஓட்டினது 49.441 கி.மீ. மெர்க்ஸை விட வெறும் 10 மீட்டர் அதிகம்! நடுவுல வயசும் நாலு கூடியிருந்தது, உண்மைதான். ஆனா போன ஏழு கிலோமீட்டர்ல பெரும்பங்கு உடம்பு உட்கார்ந்த விதத்துல போனது.

நம்ம ஊர் சக்கரத்தோட வரலாறு வேற. 1949ல ஆரம்பிச்ச டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் அம்பத்தூர்ல செஞ்ச ஹெர்குலிஸ் மாதிரி வண்டிகளை நினைச்சுப் பாருங்க. முன்னாடி 32 கம்பி, பின்னாடி 40. கேரியர்ல அரிசி மூட்டையும், பால் கேனும், பூக்கூடையும் ஏறணுமே! அங்க விநாடிக்கு மதிப்பில்ல, பாரத்துக்குத்தான் மதிப்பு. கம்பி வளைஞ்சா தெருமுனைக் கடையில பெண்டு எடுத்துக்கலாம். எதிர்காத்துக்கு ஓசூர் கொடுத்த விடையே தனி. 1980ல இங்கிருந்து வந்த டிவிஎஸ் 50 :-)

ஆக, விநாடிதான் சோறு போடுதுன்னா அந்த சக்கரம் கொடுத்த காசுக்கு உண்டு. மத்தவங்களுக்கு வரிசை இதுதான்: முதல்ல குனிஞ்சு ஓட்டப் பழகணும், அதுக்கு செலவில்ல. அடுத்து நல்ல டயர், அளவான காத்து. சக்கரம் கடைசி. தவணை கட்டற வீட்டுல அந்தக் கடைசிக்கு அவசரமே இல்ல. நண்பனுக்கும் இதையேதான் சொன்னேன்.

டிஸ்கி: ஓசூர் சுமார் 880 மீட்டர் உயரத்துல இருக்கு. கிருஷ்ணகிரி சில நூறு மீட்டர் கீழ. யாராவது புது சக்கரம் மாட்டி "சூளகிரி தாண்டி பறந்தேன்"னு சொன்னா, திரும்பி வந்த நேரத்தையும் கேளுங்க மக்களே!