அப்பாவின் போரைச் சொன்ன மனு

1939 செப்டம்பர் 6. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவரின் ஏற்பாட்டில் நேதாஜிக்கு மதுரையில் பெரும் வரவேற்பு. பிரிட்டன் போர் அறிவித்து மூன்றே நாள் ஆகியிருந்தது. அந்தப் போர் மதுரைச் சீமையின் எத்தனையோ வீடுகளுக்குள் நுழையப்போகிறது என்று அன்று யாருக்குத் தெரியும்?

மதுரை, ராமநாதபுரம் பக்கமிருந்து கப்பலேறியவர்கள் மலேயாத் தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. 1943 ஜூலையில் இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை நேதாஜி அங்கே ஏற்றார். பிரிட்டிஷ் படையில் இருந்து சரணடைந்திருந்த இந்தியச் சிப்பாய்களோடு, துப்பாக்கியையே தொட்டறியாத தோட்டத் தமிழர்களும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். 1944இல் பிரிட்டிஷ் படையை எதிர்த்துப் போரிட்ட இம்பால் மலைகளில் குண்டுக்குத் தப்பியவர்களைப் பசியும் மலேரியாவும் வாரிக்கொண்டு போயின.

போர் முடிந்ததும் பிடிபட்டவர்களை பிரிட்டிஷார் விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்தார்கள். கறுப்பு என்று குறிக்கப்பட்ட பழைய சிப்பாய்க்கு வேலையும் போனது, சம்பள பாக்கியும் போனது. நாடு விடுதலை பெற்ற பிறகும் இவர்களைப் படையில் திரும்பச் சேர்க்கவில்லை. ஊரார் ‘பட்டாளத்தார்’ என்று மரியாதையாக அழைத்தார்கள். பட்டாளத்தார் வீட்டு அடுப்புக்கு அந்த மரியாதை போதவில்லை.

1972 ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசின் தியாகிகள் ஓய்வூதியத் திட்டம் வந்தது. ஆறு மாதமாவது சிறையிலோ முகாமிலோ இருந்ததற்குச் சான்று வேண்டும். ஆவணம் இல்லையென்றால் உடனிருந்தவர் சாட்சி சொல்ல வேண்டும். உடனிருந்தவர்களோ திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள்தான் மனு எழுத உட்கார்ந்தார்கள். எந்த முகாம், எத்தனை மாதம், பக்கத்தில் படுத்திருந்தவர் யார்? கால் நூற்றாண்டு வாய் திறக்காத தகப்பன், அந்தக் கேள்விகளுக்காகத்தான் தன் போரைப் பிள்ளையிடம் சொல்லத் தொடங்கினார். பிழைப்புக்காக எழுதிய அந்த மனுவே பல குடும்பங்களில் எஞ்சிய ஒரே வரலாறு.

அந்த வீரர்களில் இன்று அநேகமாக யாரும் இல்லை. அவர்கள் பிள்ளைகளுக்கே வயதாகிவிட்டது. உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் அப்படியொரு மனுவின் நகலோ சான்றிதழோ கிடந்தால், பழைய காகிதமென்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படம் பிடித்து வையுங்கள். அப்பா சொன்னதில் நினைவிருப்பதை, அம்மா பட்டதையும் சேர்த்து, இந்த வாரமே எழுதி வையுங்கள்.