உரம் எடுத்த சேலை

மூணாற்றில் எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுக் கொடியில் பழைய நூல் சேலை ஒன்று எப்போதும் கிடக்கும். உடுத்துவதற்கில்லை, உரம் எடுப்பதற்கு, அதாவது கைப்பிள்ளைக்கு விழுந்த சுளுக்கை எடுப்பதற்கு. பால் குடிக்காமல் வீறிடும் பிள்ளையையும், ஒரு பக்கம் திருப்பினால் மட்டும் அழுகிற பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். அம்மாச்சி அடுப்புச் சூட்டில் கையைக் காய்ச்சி, முதுகில் நல்லெண்ணெய் நீவி, பிள்ளையைச் சேலையில் கிடத்துவார். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மாறி மாறித் தூக்க, பிள்ளை இங்குமங்கும் உருளும். மூன்று தரம். "எடத்துக்கு வந்துருச்சு தாயி, பாலைக் குடு" என்பார்.

இது மலையில் பிறந்த பழக்கமில்லை. 1877இல் மன்றோ துரை பூஞ்ஞாறு அரசரிடம் இந்த மலையை எழுதி வாங்கினார். பிறகு கங்காணிகள் திருநெல்வேலி, மதுரைச் சீமையிலிருந்து ஆள் கூட்டி வந்தார்கள். கீழ்நாட்டிலிருந்து மலையேறிய பெண்களோடு கைவைத்தியமும் ஏறிவந்தது. 1951ஆம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வைத்திய வசதியையும், ஐம்பது பெண்கள் வேலை பார்த்தால் பிள்ளைக் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. அதற்குப் பிறகும் லயத்தில் முதல் வைத்தியர் அம்மாச்சிதான்.

என் தம்பிக்கு மூன்று வயதுவரை ஓயாத காய்ச்சல். பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள், நிற்கவில்லை. ஒருநாள் அம்மாச்சியின் விரலுக்குத் தொப்புளுக்குக் கீழே, இடப்பக்கம், கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. குடல் சுருண்டு கிடக்கிறதென்று மேலே நீவினார். அவன் துடித்த துடிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

பிறகுதான் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மதுரையில் கைநரம்பில் சாய ஊசி போட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். 1929இல் பெர்லினில் வந்துவிட்ட முறை அது. எங்கள் லயத்துப் பிள்ளை ஒன்றுக்கு அது கிடைக்க ஐம்பது வருஷம் பிடித்தது. டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வலது சிறுநீரகம் விலாவுக்கடியில் வெள்ளையாகத் தெரிந்தது. இடது பக்கம் அந்த இடம் வெறுமை. இன்னொரு வெள்ளை, இடுப்பெலும்புக் குழிக்குள் கிடந்தது.

கருவில் எல்லாருக்கும் சிறுநீரகம் இடுப்புக் குழியில்தான் உருவாகிறது. ஆறாம் வாரம் தொடங்கி ஒன்பதாம் வாரத்துக்குள் மேலேறுகிறது. ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு அது ஏறாமல் வழியிலேயே நின்றுவிடும். சிலருக்கு இரண்டும் கீழ்முனையில் ஒட்டிக் குதிரை லாடம்போல் ஆகிவிடும். பலர் தெரியாமலே ஆயுளை முடிக்கிறார்கள். தம்பிக்கு மூத்திரப்பையிலிருந்து மூத்திரம் மேலே திரும்பியதால் கிருமி தொற்றியது. காய்ச்சல் அதனால்தான். சிறுநீரகம் கீழே கிடந்தது கேடில்லை. காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் போன மூன்று வருஷம்தான் கேடு.

அம்மாச்சி கேட்டது ஒன்றுதான்: "அப்ப அது எறங்கலையா? ஏறவே இல்லையா?" அன்று முழுக்கச் சோறு தின்னவில்லை. அதன்பின் யார் பிள்ளையைக் கொண்டுவந்தாலும் முதலில் விசாரிப்பார்: "காச்சல் இருக்கா? மூத்திரம் போறப்ப அழுகுதா?" ஆமாம் என்றால் சேலையைத் தொடமாட்டார், டிஸ்பென்சரிக்கு அனுப்பிவிடுவார்.

கல்யாணமாகி நான் பாலக்காட்டுப் பக்கம் சித்தூருக்கு வந்தேன். இங்கேயும் எல்லையோரத் தமிழ் வீடுகளில் உரம் எடுக்கிறார்கள். ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே சிறுநீரகம் எங்கே இருக்கிறதென்று பார்த்துவிடுகிற காலம் இது. அம்மாச்சியின் பேத்தி என்று தெரிந்து என்னிடமும் பிள்ளையைத் தூக்கி வருகிறார்கள். பச்சைப் பிள்ளையை உருட்டக்கூடாது, நான் சேலை விரிப்பதில்லை. மடியில் வாங்கிக்கொண்டு அந்த இரண்டு கேள்வியைக் கேட்கிறேன்.