ஆயிரம் ரூபாயின் மதிப்பு

பத்திரிகைக்காரனுக்குச் சொத்து எது? பேனா என்பார்கள். யாருக்கும் கட்டுப்படாத மனசு என்பேன் நான்.

1987 மார்ச் கடைசியில் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்தது. ஜேப்படிக்காரர் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்று கேலி. சட்டமன்றம் கொதித்தது. மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள், ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியன் மறுத்தார். ஏப்ரல் 4-ம் தேதி, உரிமை மீறல் என்று மூன்று மாதக் கடுங்காவல்! நாடெங்கும் கண்டனம் கிளம்பவே, சில நாட்களில் விடுதலை.

'போதுமப்பா' என்று அவர் சும்மா இருக்கவில்லை. உயர் நீதிமன்றம் போனார். 1994-ல் கைது செல்லாது என்று தீர்ப்பு, நஷ்டஈடு ரூ.1,000. அதைச் செலவழிக்காமல், கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்தார்.

மிரட்டலுக்கு வளையாதது ஒரு பாதி. கவருக்குக் கை நீட்டாதது மறுபாதி. பொருளாதாரச் செய்தி எழுதுபவர்கள் பரிசு, கடன், இலவசப் பயணம் வாங்கக்கூடாது என்கிறது இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் நெறிமுறை.

நம் தண்டலத்தைச் சுற்றி, ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை எத்தனையோ கம்பெனிகள்! நாளை அவற்றைப் பற்றி எழுதப்போகும் தம்பி, தங்கைகளே, அந்த ஆயிரம் ரூபாயை மறந்துடாதீங்க.