குடிநோயாளர் தோழமையின் தோற்றமும் திருச்சபையின் பங்கும்

குடிப்பழக்கத்தைப் பற்றித் திருச்சபை பேசாத காலம் இல்லை எனலாம். மறையுரைகளிலும், மதுவிலக்கு உறுதிமொழிகளிலும், சபை ஒழுங்குகளிலும் அது இடைவிடாது பேசியே வந்துள்ளது. ஆயினும், குடிக்கு அடிமையான ஒருவர் மீண்டு நிலைத்திருக்க இன்று உலகின் பல நாடுகளிலும் துணைநிற்கும் ஒரு வழி, குடியால் அல்லலுற்றவர்கள் தமக்குள் பேசத் தொடங்கியதிலிருந்தே பிறந்தது. அவ்வழி எவ்வாறு தோன்றிற்று, அதில் திருச்சபைக்கு இருந்த பங்கு யாது, அப்பங்கின் எல்லை யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். "இவரை எங்கே அழைத்துச் செல்வது, ஐயா?" என்று போதகரிடம் கண்ணீரோடு கேட்கும் குடும்பத்தாருக்கு விடை கூறவும் இவ்வரலாறு உதவும்.

1. வாஷிங்டனியர்

1840ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், மதுக்கடை ஒன்றில் கூடிக் குடித்துவந்த அறுவர் இனிக் குடிப்பதில்லை என உறுதிபூண்டு ஒரு சங்கம் அமைத்தனர். அதற்கு ஜார்ஜ் வாஷிங்டனின் பெயரைச் சூட்டினர். அதற்கு முந்தைய மதுவிலக்குச் சங்கங்கள் குடியாதாரைக் காப்பதிலேயே பெரிதும் நாட்டங்கொண்டிருந்தன. வாஷிங்டனியரோ குடிகாரரையே தேடிச் சென்றனர். அவர்தம் கூட்டங்களில் ஒவ்வொருவரும் எழுந்து தம் சொந்த வாழ்க்கையை உரைப்பதே முதன்மையாயிருந்தது. 1842 பிப்ரவரி 22 அன்று ஸ்பிரிங்ஃபீல்டு நகரின் ஆலயம் ஒன்றில் அவர்கள் நடுவே பேசிய ஆபிரகாம் லிங்கன், குடிகாரரைப் பழித்துரைக்கும் முறை நீதியற்றது, பயனுமற்றது எனச் சுட்டிக்காட்டினார்.

மிக விரைவாக வளர்ந்த இவ்வியக்கம் பத்தாண்டு முடிவதற்குள் பெரும்பாலும் மறைந்துபோயிற்று. காரணங்கள் கவனிக்கத்தக்கவை. குடிநோயாளர் அல்லாதார் பெருந்தொகையாகச் சேர்ந்தனர். மதுவிலக்குச் சட்டம் பற்றிய அரசியல் வாதங்கள் உட்புகுந்தன. புகழ்பெற்ற பேச்சாளர்களின் மேல் இயக்கம் சாய்ந்து நின்றது. அத்தகைய பேச்சாளருள் ஒருவரான ஜான் கஃப் 1845இல் மீண்டும் குடித்தபோது அது நாடறிந்த பழிச்சொல்லாயிற்று.

2. ஆக்ஸ்ஃபோர்டு குழு

அடுத்த முயற்சிக்கு நிலத்தைப் பண்படுத்தியவர் அமெரிக்க லுத்தரன் போதகரான பிராங்க் புக்மன் (1878–1961) ஆவார். இவர் முதல் உலகப்போர்க் காலத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் இந்தியாவிலும் பயணம் செய்தவர். பெருங்கூட்டங்களைக் காட்டிலும் ஒருவர் மற்றொருவரோடு தனித்துப் பேசும் ஊழியமே மனிதரை மாற்றும் என்பது இவர் கொள்கை. பிற்காலத்தில் 'ஆக்ஸ்ஃபோர்டு குழு' எனப்பட்ட இவரது இயக்கத்தினர் சிறு குழுக்களாக வீடுகளில் கூடினர். தம் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டனர். தாம் தீங்கிழைத்தவர்க்கு ஈடு செய்தனர். நாள்தோறும் அமைதியாக அமர்ந்து கடவுளின் வழிநடத்துதலை நாடினர். நியூயார்க்கில் கல்வாரி ஆலயத்தின் போதகராயிருந்த சாமுவேல் ஷூமேக்கர் இக்குழுவின் முதன்மையான தலைவர்களுள் ஒருவர். அவ்வாலயம் நடத்திய விடுதியில் வீடற்ற குடிகாரர் பலர் புகலிடம் பெற்றனர்.

3. ஆக்ரன் நகரின் சந்திப்பு

பங்கு வணிகத்தில் ஈடுபட்டிருந்த பில் வில்சன், மருத்துவமனையிலிருந்தபோது அடைந்த ஆன்மிக அனுபவத்தாலும் ஆக்ஸ்ஃபோர்டு குழுவின் துணையாலும் 1934 டிசம்பரில் குடியை விட்டார். அதன்பின் பல மாதங்கள் பிற குடிகாரரை மீட்க முயன்றும் ஒருவர்கூட நிலைக்கவில்லை. அவருக்கு மருத்துவம் செய்த டாக்டர் வில்லியம் சில்க்வொர்த், போதிப்பதைக் குறைத்து, முதலில் இந்நோயின் தன்மையை எடுத்துரைக்குமாறு அறிவுறுத்தினார்.

1935 மே மாதத்தில் வில்சன் வணிகம் பற்றி ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகருக்குச் சென்றார். முயற்சி தோல்வியுற்றது. தங்கியிருந்த விடுதியின் கூடத்தில் ஒருபுறம் மதுக்கூடம்; மறுபுறம் தொலைபேசியும் நகரத்து ஆலயங்களின் பட்டியலும். தாம் மீண்டும் குடித்துவிடக்கூடும் என்ற அச்சம் அவரைப் பற்றிக்கொண்டது. தம்மைக் காத்துக்கொள்ள வேறொரு குடிகாரருடன் பேசவேண்டும் எனத் தெளிந்து, பட்டியலிலிருந்த போதகர் ஒருவரை அழைத்தார். முன்பின் அறியாத ஒருவர் குடிகாரர் ஒருவரைக் காட்டுமாறு கேட்டதைக் கேட்டு அப்போதகர் முகஞ்சுளிக்கவில்லை. தமக்குத் தெரிந்த சிலரின் பெயர்களைக் கொடுத்தார். அவ்வழியே ஹென்ரியெட்டா சைபர்லிங் என்ற அம்மையாரின் இல்லத்தில், மே 12 ஞாயிறு மாலை, அறுவை மருத்துவரான டாக்டர் ராபர்ட் ஸ்மித்தை வில்சன் சந்தித்தார். கால்மணி நேரமே இருப்பதாகச் சொல்லி வந்த மருத்துவர் ஆறுமணி நேரம் அமர்ந்திருந்தார்.

இங்கு ஓர் உண்மையை நாம் தவறவிடலாகாது. டாக்டர் ஸ்மித் அதற்கு முன்னரே இரண்டரை ஆண்டுகளாக ஆக்ஸ்ஃபோர்டு குழுவின் கூட்டங்களுக்குச் சென்றுவந்தவர். திருமறையை வாசித்தார், வேண்டுதல் செய்தார், அன்புள்ளோர் பலர் அவருக்காக மன்றாடினர். எனினும் குடி நிற்கவில்லை. அன்று மாலை அவர் பெற்றது புதிய போதனை ஒன்றுமில்லை. தம்மைப்போல் குடித்து, தம்மைப்போல் பொய்யுரைத்து, தம்மைப்போல் வெட்கமுற்ற ஒருவர், தம் சொந்த நலனுக்காகவே வந்து பேசியதைக் கேட்டார். இடையில் ஒருமுறை வழுவி, ஜூன் 10 அன்று அவர் இறுதியாகக் குடித்தார். அந்நாளே 'ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ்' எனப்படும் குடிநோயாளர் தோழமையின் தொடக்க நாளாகக் கொள்ளப்படுகிறது. தமிழில் இதனை ஏ.ஏ. என்றே வழங்குகிறோம்.

4. பிரிவும் ஒழுங்கும்

நியூயார்க்குக் குழுவினர் 1937இலும், ஆக்ரன் குழுவினர் 1939இலும் ஆக்ஸ்ஃபோர்டு குழுவினின்று பிரிந்தனர். அக்குழு விளம்பரத்தையும் பெரியோரின் ஆதரவையும் நாடிற்று. குடிநோயாளருக்கோ மறைவு தேவையாயிருந்தது. கத்தோலிக்கரும், நம்பிக்கையற்றோரும் தயக்கமின்றி வரவேண்டியிருந்தது. 1939 ஏப்ரலில் வெளிவந்த நூலில் பன்னிரண்டு படிகள் வகுக்கப்பட்டன. அறிக்கையிடுதல், ஈடுசெய்தல், தியானம், பிறர்க்கு உதவுதல் ஆகியவை அவற்றில் நிலைபெற்றன; கடவுளைப் பற்றிய புரிதலோ அவரவர்க்கு விடப்பட்டது. அவ்வாண்டே ஆக்ரனின் புனித தோமா மருத்துவமனையில் அருட்சகோதரி இக்னேஷியா குடிநோயாளரைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கினார். 1941 மார்ச்சில் வார இதழ் ஒன்றில் வெளியான கட்டுரைக்குப் பின், ஏறத்தாழ 2,000ஆக இருந்த உறுப்பினர் தொகை அவ்வாண்டின் முடிவில் 8,000ஆக உயர்ந்தது.

1950இல் கிளீவ்லாந்து மாநாடு ஏற்ற பன்னிரண்டு மரபுகள், வாஷிங்டனியர் வீழ்ந்த குழிகளை ஒவ்வொன்றாக அடைத்தன. குடியை விடும் விருப்பம் ஒன்றே உறுப்பினர்க்குரிய தகுதி. கட்டணம் இல்லை, வெளியார் நன்கொடையும் ஏற்கப்படுவதில்லை. அரசியல், சமய வாதங்களில் தோழமை கருத்துரைப்பதில்லை. பத்திரிகையில் எவர் பெயரும் வெளியிடப்படுவதில்லை. ஆகவே ஒருவர் வழுவினால் தோழமை வழுவுவதில்லை. 1951இல் குடிநோயாளரின் குடும்பத்தார்க்கென அல்-அனான் என்னும் தனித் தோழமையும் அமைந்தது.

5. நம் நாட்டில்

இந்தியாவில் இத்தோழமை 1957இல் டெல்லியில் தொடங்கி, பின் மற்ற நகரங்களுக்குப் பரவியது. தமிழ்நாட்டில் குடியைப் பற்றிய பொதுப்பேச்சோ பெரும்பாலும் சட்டத்தைச் சுற்றியே சுழன்றது. 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் சென்னை மாகாணம் முழுதும் பரவியது. 1971இல் விலக்கப்பட்டு, 1974இல் மீண்டும் கொணரப்பட்டு, 1981இல் மறுபடியும் நீங்கியது. 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசு நிறுவனத்தின் கையில் உள்ளது. கடை திறந்த நாளிலும் மூடிய நாளிலும் நோயாளர் இருந்தனர்; ஆனால் அவர்க்கென இருந்த இடங்கள் மிகச் சில. 1980இல் சென்னையில் திருமதி சாந்தி ரங்கநாதன் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், குடியை மருத்துவத்திற்குரிய நோயாகக் கருதிச் சிகிச்சை, ஆலோசனை, குடும்பத்தார்க்கான உதவி ஆகியவற்றை ஒருங்கே அளிக்க முன்வந்தது. ஏ.ஏ. கூட்டங்கள் இன்று தமிழிலும் நடைபெறுகின்றன. அவற்றுள் பல ஆலய வளாகங்களிலும் பள்ளி அறைகளிலும் மாலை வேளைகளில் கூடுகின்றன.

6. வரலாறு உணர்த்துவது

முதலாவது, ஆக்ரன் போதகர் செய்தது பெருஞ்செயலன்று. அவரிடம் சில பெயர்கள் இருந்தன, அவற்றைக் கொடுத்தார், அவ்வளவே. நம் போதகர்கள் தத்தம் ஊருக்கு அண்மையில் ஏ.ஏ. கூட்டம் எங்கே, எந்நாளில், எந்நேரத்தில் நடைபெறுகிறது என்பதை அறிந்து வைத்திருக்கிறார்களா? சில கூட்டங்கள் குடிநோயாளர்க்கு மட்டுமே உரியவை. வேறு சில எவரும் வரத்தக்கவை. பின்னதற்குப் போதகர் ஒருமுறை சென்று அமர்ந்து கேட்டல் நலம். மத்திய அரசின் போதை மீட்பு உதவிக்கான கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446 என்பதையும் சபையின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம்.

இரண்டாவது, மருத்துவரை ஒதுக்கலாகாது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் உண்டாகி, உயிருக்கே தீங்கு நேரலாம். ஆதலால் உபவாச வேண்டுதலுக்கென அவரைப் பூட்டி வைத்தல் பெருந்தவறு; முதலில் மருத்துவமனை, பின்னர் கூட்டம் என்பதே முறை. 27 ஆய்வுகளையும் அவற்றில் பங்குபெற்ற 10,565 பேரையும் கருத்திற்கொண்டு 2020இல் வெளியான காக்ரேன் ஆய்வுரை, ஏ.ஏ. தோழமையில் சேரத் தூண்டும் முறையான சிகிச்சை, தொடர்ந்து குடியாதிருக்கச் செய்வதில் பிற சிகிச்சைகளைவிட மேம்பட்டது எனக் கண்டது. இது எல்லார்க்கும் உரிய ஒரே வழியன்று. எனினும் முயன்றுபார்க்கத் தக்கது.

மூன்றாவது, இடங்கொடுத்தபின் ஒதுங்கி நிற்கவேண்டும். அறையைத் தரும் சபை, அக்கூட்டத்தைத் தன் ஊழியமெனக் கணக்குக் காட்டலாகாது. வருவோரின் பெயரைக் கேட்கலாகாது. அவர்கள் தரும் சிறு வாடகையை மறுத்தலும் ஆகாது. தம் செலவைத் தாமே ஏற்பது அவர்தம் மரபு.

டாக்டர் ஸ்மித்துக்காக மன்றாடியவர்களின் இரண்டரை ஆண்டு வேண்டுதல் வீணாயிற்று என நாம் சொல்லோம். அவ்வேண்டுதலுக்கு விடையாக வந்தவர் ஒரு குடிகாரர் என்பதே நாம் கற்கவேண்டிய பாடம். நம் சபைகளில் இன்று விலக்கப்பட்டுக் கடைசி இருக்கையிலும் அமரத் துணியாதவர், நாளை மற்றொருவரின் உயிரைக் காப்பவராகக்கூடும். அவர்கள் இருவரும் சந்திக்க ஓர் அறையும், இரு நாற்காலிகளும், சரியான முகவரியும் தேவை. இம்மூன்றையும் தரவல்ல வசதி நம் ஆலயங்கள் பலவற்றிற்கும் உண்டு.