புல்லட்டின் கிளட்சும் எங்கள் கரிசல் மண்ணும்

இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த புல்லட், 1955-ல் நம் சென்னைக்குக் குடிவந்தது. ராணுவத்துக்கு எல்லைக் காவலுக்கு வண்டி தேவைப்பட்டது; அதைத் தொட்டு ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்சும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன; திருவொற்றியூரில் பூட்டினார்கள். 1960களில் பாகங்களும் இங்கேயே தயாராயின. 1970-ஐ ஒட்டி தாய்வீடு மூடிய பிறகும் திருவொற்றியூரில் வேலை நிற்கவில்லை.

இன்றைய பிள்ளைகள் அந்த வண்டியில் ஏறினால் திகைத்துப்போவார்கள். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். நியூட்ரலுக்கென்று குதிகாலால் அமுக்க ஒரு தனிக் கட்டை உண்டு. எல்லாவற்றுக்கும் கிளட்ச் ஒத்துழைக்க வேண்டும்.

கிளட்ச் என்பது பெரிய சூத்திரமில்லை. வரிசையாக அடுக்கிய பிளேட்டுகள். அவற்றை நெருக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள். லீவரைப் பிடித்தால் கேபிள் இழுக்கும், கியர்பாக்ஸ் தண்டின் துளை வழியே போகும் நீளக் கம்பி தள்ளும், பிளேட்டுகள் விலகும். இதற்கு இரண்டே நோய்கள். ஒன்று, விலகாமல் ஒட்டிக்கொள்வது: கியர் கரகரவென்று விழும், நியூட்ரல் அகப்படாது. மற்றது வழுக்குவது: இன்ஜின் கத்தும், வண்டி நகராது.

எங்கள் பக்கம் இரண்டாவது நோய்தான் அதிகம். எட்டயபுரத்திலிருந்து விளாத்திகுளம், புதூர் பக்கத்துக் கிராமங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் போனவர்களுக்குத் தெரியும். கரிசல் மண் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு சக்கரத்தையே பிடித்து நிறுத்தும். அரை கிளட்சிலேயே உறுமி உறுமித்தான் வெளியே வரவேண்டும். பிளேட் தேயாமல் என்ன செய்யும்?

கூட்டுறவுத் துறையில் கள வேலை பார்த்தபோது நானும் பழைய புல்லட் ஒன்று வைத்திருந்தேன். காலையில் நன்றாக ஓடும். கோவில்பட்டி போய்ச் சேர்வதற்குள் சூடேறி வழுக்க ஆரம்பிக்கும். ஒரு பட்டறையில் பிளேட் மாற்றினார்கள். ஒரு மாதம்தான். மறுபடி பிளேட், ஸ்பிரிங் எல்லாம் மாற்றினார்கள். பழைய கதைதான். சம்பளத்தில் பாதி அதற்கே போயிற்று. விற்றுவிடலாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. வண்டி போனால் ஊர் ஊராகப் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். அந்தக் கிராமங்களுக்கு நாளைக்கு இரண்டு பஸ்.

அப்போதுதான் பட்டாளத்தில் வண்டி பழுது பார்த்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவரிடம் காட்டினேன். அவர் பிளேட்டைக் கழற்றவே இல்லை. சூடாக இருந்த வண்டியின் கிளட்ச் லீவரை ஒரு விரலால் அசைத்துப் பார்த்தார். "பிளேட்டு என்ன பாவம் செஞ்சுது சார்? கம்பி மூச்சுவிட இடம் வேணும்லா" என்றார்.

விஷயம் இதுதான். பிளேட் தேயத் தேய அடுக்கின் கனம் குறையும். தள்ளுகம்பிக்கு இருந்த இடைவெளியும் குறைந்துகொண்டே வரும். சூடேறினால் கம்பி துளி நீளும். மிச்ச இடைவெளியும் போய், நாம் லீவரைத் தொடாமலே கம்பி கிளட்சைத் தள்ளிக்கொண்டிருக்கும். பிறகு எத்தனை பிளேட் போட்டாலும் வழுக்கத்தான் செய்யும். புதுப் பிளேட் படிந்த பிறகு இடைவெளியைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். அதை ஒருவரும் செய்திருக்கவில்லை. அண்ணாச்சி அட்ஜஸ்டர் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் திருப்பி, லீவரில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆட்டம் விட்டார். அதிகமாக விட்டால் முதல் நோய் வந்துவிடும் என்றும் எச்சரித்தார். டீயைத் தவிர எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. அந்த வண்டி அதற்குப் பிறகு பதினோரு வருஷம் என்னைச் சுமந்தது.

1961-ல் மைசூரில் தொடங்கிய ஜாவாவில் கியரை மிதித்தாலே கிளட்ச் தானாக விலகும் ஏற்பாடு இருந்தது. இன்று ஸ்கூட்டர்களில் கிளட்ச் லீவரே கிடையாது. வசதிதான். ஆனால் பாகத்தை மாற்றுமுன் விரலால் அசைத்துப் பார்க்கும் அந்தப் பழக்கம் போய்விடக் கூடாது. வண்டிக்கு மட்டும் சொல்லவில்லை.