யாழ்ப்பாணத்துக் கால்நடை வைத்தியமும் வைத்தியர் சீவனமும்

மாடு என்னுஞ் சொல் பழந்தமிழிற் செல்வத்துக்கும் பெயராய் வழங்கிற்று. யாழ்ப்பாணக் குடாநாட்டு உழவர்க்கு அது வெறுஞ் சொல்வழக்கன்று. ஆறு பாயாத இந்நிலத்திற் செம்மண்ணைத் தோட்டமாக்கியவை கிணற்று நீரும் மாட்டெருவுமேயாம். புகையிலைத் தோட்டங்களிற் பட்டி அடைத்து எருவூட்டுதலும், எருது பூட்டி உழுதலும், விளைபொருளை வண்டியேற்றிச் சந்தை சேர்த்தலும் தலைமுறை தலைமுறையாய் நிகழ்ந்தன. ஆகலின் மாடு நோயுறின் குடும்பமே நோயுற்றதற்கு ஒப்பாம். அந்நோயைத் தீர்ப்போரின் சீவனத்தைத் தாங்கினோர் யாவர் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

விலங்கு வைத்தியத்தை அரசர் கடனாகக் கொண்டமைக்குப் பழைய சான்றுகள் உள. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆண்ட அசோகனின் இரண்டாம் பாறைச் சாசனம், மக்கட்கும் விலங்குகட்கும் என இருவகை வைத்தியம் ஏற்படுத்தியமையைக் கூறுகின்றது. அவ்வறம் சென்ற நாடுகளாகச் சோழ பாண்டிய நாடுகளும் தாமிரபரணி எனப்பட்ட இலங்கையும் அதிற் குறிக்கப்பட்டுள்ளன. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் ஆண்ட புத்ததாசன், பத்து ஊர்களுக்கு ஒரு வைத்தியரை நியமித்து, அவர் சீவனத்துக்கு வயல் விளைவை ஒதுக்கினான் என்றும், யானைக்கும் குதிரைக்கும் வேறாக வைத்தியரை அமைத்தான் என்றும் சூளவம்சம் உரைக்கும். வைத்தியனை ஊருக்கு அனுப்புவதோடு அமையாது அவனுக்கு உணவும் வகுத்தமை கருதற்பாலது.

குடாநாட்டுக் கிராமங்களில் இப்பணியை நெடுங்காலம் ஆற்றியோர் மாட்டுப் பரியாரிமாராவர். மாட்டு வாகடங்களையும் முன்னோர் வழியாக வந்த கைம்முறைகளையும் துணைக்கொண்டு, வயிற்றூதல், கால் வாய் நோய், கன்று ஈனுகையில் நேரும் இடர் ஆகியவற்றுக்கு அவர் மருந்தும் கைவேலையுஞ் செய்தனர். குறிசுடுதலும் அம்முறைகளுள் ஒன்று. அவர்க்குக் கிடைத்த கைம்மாறு பெரும்பாலும் பணமன்று. விளைவுகாலத்து நெல்லும் தோட்டத்துக் காய்கறியுமேயாம். ஊர் விளைந்தாற் பரியாரியும் உண்பார். ஊர் வாடினால் அவரும் வாடுவார்.

இவ்வேற்பாடு தனி மாட்டின் நோய்க்குப் போதியதாயினும், கொள்ளைநோய்க்குப் போதியதன்று. 19ஆம் நூற்றாண்டில் வெக்கை நோய் இலங்கையிற் பலகாற் பரவி மந்தைகளை அழித்தது. இத்தகைய நோயைத் தடுப்பதற்குத் தடுப்பூசியும், மாடுகளின் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துஞ் சட்டமும், சம்பளம் பெறும் உத்தியோகத்தரும் வேண்டப்பட்டன. ஐரோப்பாவிலும் நிகழ்ந்தது இதுவே. 1761இற் பிரான்சின் லியோன் நகரில் முதலாவது கால்நடை வைத்தியக் கல்லூரி தோன்றியதற்கு இந்நோய் விளைத்த அழிவும் ஒரு காரணமாகும்.

1945இல் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1947இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கால்நடை வைத்தியக் கல்வி தொடங்கி, 1954இற் பேராதனைக்கு மாறிற்று. இதனால் இந்தியா முதலிய நாடுகளுக்குச் சென்று கற்கவேண்டிய நிலை நீங்கியது. 1956ஆம் ஆண்டின் சட்டம் இத்தொழிலோரைப் பதிவுசெய்ய வகைசெய்தது. 1978இற் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் அமைந்தது. 1987இன் பின்னர் மாகாண சபைகளுக்கும் இத்துறையிற் பொறுப்பு வந்தது.

போர்க்காலம் இவ்வமைப்பைக் கடுமையாகச் சோதித்தது. 1940களின் நடுப்பகுதிக்குப்பின் இலங்கையில் இல்லாதிருந்த வெக்கை நோய் 1987இல் மீண்டும் புகுந்தது. இந்திய அமைதிப் படையின் உணவுக்கெனக் கொணர்ந்த ஆடுகளோடு அது வந்ததென்பர். வடக்குக் கிழக்கிற் பரவிய அந்நோய் 1994இன் பின் இலங்கையிற் காணப்படவில்லை. 2011இல் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. 1990இற் தொடங்கிய பொருளாதாரத் தடையால் எரிபொருளும் மருந்தும் அரியவாயின. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாம மக்கள் இடம்பெயர்ந்தபோது, கட்டவிழ்த்துவிடப்பட்ட மாடுகள் கட்டாக்காலிகளாய் அலைந்தன.

இனி, பெருவிலங்கு வைத்தியத்துக்கு உரிய ஒரு தனி இடரை நோக்குதல் வேண்டும். நாயையும் பூனையையும் உடையவர் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லலாம். கன்று குறுக்கே கிடக்க வீழ்ந்த பசுவை எடுத்துச்செல்லுதல் இயலாது. வைத்தியரே அதன் கொட்டிலுக்குச் செல்லல் வேண்டும். ஆதலின் மருந்தின் விலையினும் வழியின் விலை பெரிதாம். குறிகட்டுவானிலிருந்து கடல் கடந்து செல்லவேண்டிய நெடுந்தீவு போன்ற இடங்களில் இவ்வுண்மை தெளிவாய் விளங்கும். ஒரு பசுவை உடைய ஏழையிடம் அவ்விலையைப் பெறுதல் அறமாகாது. வைத்தியர் தம் கைப்பொருளிற் செலவிடுதலும் நிலையாது.

ஸ்கொத்லாந்தின் மேட்டு நிலங்களிலும் தீவுகளிலும் இவ்விடரை நீக்க, தொலைவால் ஏறுஞ் செலவை அரசு பொறுக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 2003இல் இயற்றிய சட்டத்தின் வழி, வைத்தியர் குறைந்த ஊர்களில் மூன்றாண்டு பணியாற்ற உடன்படுவோரின் கல்விக் கடனை, ஆண்டொன்றுக்கு 25,000 டொலர் வரை அரசே அடைக்கும் முறை வகுக்கப்பெற்று, 2010 முதல் உதவி வழங்கப்பட்டது. அங்குக் கற்றபின் அடைக்குங் கடனை, இலங்கையிற் பொதுமக்களின் வரி கற்கும்போதே ஏற்றுக்கொள்கின்றது. எனவே, இங்கே எஞ்சி நிற்பது கல்விச் செலவன்று. கற்றவரைக் கிராமத்தில் நிலைபெறச் செய்யுஞ் செலவேயாம்.

2020இல் வடமாகாணத்திற் தோற்கழலை நோய் தோன்றியது. 2022இற் பொருளாதார நெருக்கடியால் எரிபொருளும் மருந்தும் அருகின. அவ்வாண்டு திசெம்பரிற் கடுங்குளிரால் வடக்கிலுங் கிழக்கிலும் மாடுகள் மிகப் பல இறந்தன. இவ்வேளைகளில் உழவர் வேண்டியது உரிய காலத்தில் வந்து சேரும் வைத்தியரையே. அவர்க்கு வாகனமும் எரிபொருளும் உறையுளும், தீவுப்பணிக்குத் தனிப்படியும் அளித்தலைச் சலுகை எனக் கருதுதல் பிழையாம். பத்து ஊர்களுக்கு ஒரு வைத்தியரை வைத்து வயல் விளைவையும் ஒதுக்கிய பழைய அரசன், வைத்தியரை மாத்திரம் போற்றினானல்லன். அப்பத்து ஊர்களையும் போற்றினான்.